மூன்றாம் பக்கம்

தூத்துக்குடியில் சேசையா என்பவர் வீட்டு மேசைமேல் ஒருமுறை இரண்டு அனுமதிக் கடிதங்கள் அருகருகே கிடந்தன. இரண்டும் அவர் மகள் ஷர்லினுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவை.

ஒன்று உலகமே அறிந்த பெயர். தடித்த தாள், தங்க நிற முத்திரை. மற்றது ஏதோ ஒரு சின்னத் துறைமுக ஊரிலிருந்து வந்தது. அந்தப் பெயரை இங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை.

கல்லூரி ஆய்வுக்காக ஷர்லின் வளர்த்த முத்துச்சிப்பிகள் தொட்டியிலேயே ஒவ்வொன்றாகச் செத்துப்போயிருந்தன. அது என்ன நோய் என்று கண்டுபிடிக்கத்தான் அவள் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தாள்.

உறவினர்கள் வந்தார்கள். பெரிய கடிதத்தை வாங்கி முத்திரையைத் தடவிப் பார்த்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். சின்னக் கடிதத்தின்மேல் காபி டம்ளரை வைத்தார்கள்.

அவர்கள் போனதும் பெரிய கடிதம் கேட்டது: “உன்னை யாராவது கையில் எடுத்தார்களா?”

“அந்தப் பெண் எடுத்தாள். இரண்டு தடவை படித்தாள்,” என்றது சின்னக் கடிதம். “சிப்பி நோய்க்கென்றே எங்களிடம் ஆய்வகம் இருக்கிறது. பேராசிரியர் அவளுக்குக் கைப்பட எழுதியிருக்கிறார். உன்னில் என்ன எழுதியிருக்கிறது?”

“தெரியாது. முதல் பக்கத்தைத் தாண்டி இதுவரை யாரும் போனதில்லை.”

மறுநாள் காலையில் ஷர்லின் அந்த முதல் பக்கத்தைத் தாண்டிப் போனாள். சிப்பி ஆய்வுப் பிரிவு மூடப்பட்டுவிட்டது, அவளுக்குப் பொது உயிரியலில் இடம் தரப்படும் என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

அப்பாவிடம் காட்டினாள். சேசையா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். அவருக்கும் வருத்தம்தான். ஆனால் கோயிலிலும் அலுவலகத்திலும் ஏற்கனவே பெரிய பெயரைச் சொல்லியாகிவிட்டது.

“அந்தச் சின்ன ஊருக்குப் போனா, வேற எங்கயும் இடம் கிடைக்கலன்னுதானம்மா நினைப்பாங்க,” என்றார்.

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. கடைசி நாளான வெள்ளிக்கிழமை பெரிய பெயருக்குச் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்துப் போட்டாள்.

“படித்த பிறகுமா?” என்று கேட்டது சின்னக் கடிதம்.

“படித்த பிறகும்தான்,” என்றது பெரியது. அதற்கே கொஞ்சம் வியப்பாக இருந்தது.

ஓராண்டு கழித்து அங்கே தன் பேராசிரியரிடம் அவள் சிப்பி நோயைப் பற்றிக் கேட்டாள். அதில் விஷயம் தெரிந்தவர்கள் வேறொரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள், சின்ன ஊர், பெயரை எழுதித் தருகிறேன் என்றார். எழுத வேண்டாம், தெரியும் என்றாள். அன்றே அங்கு எழுதிக் கேட்டாள். அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

தூத்துக்குடியில் மகள் எங்கே படிக்கிறாள் என்று சேசையாவைப் பலரும் கேட்கிறார்கள். அவர் பெயரைச் சொல்கிறார். என்ன படிக்கிறாள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அது அவருக்கு நிம்மதியாக இருக்கிறது.