நிழல் பறித்த கண்ணாடி

முன்னொரு காலத்தில், காகத்துக்கு நீச்சலும் மீனுக்கு நடையும் தெரிந்திருந்த காலத்தில், வேங்கைமலை நாட்டுக்கு நிழல்வாரி என்றொரு மந்திரவாதி வந்தான். வாசல் வாசலாக நின்று ஆளுக்கொரு கைக்கண்ணாடி கொடுத்தான். காசு வேண்டாம், இது கையில் இருந்தால் பிள்ளைகள் சத்தமே போடமாட்டார்கள் என்றான். அது போதாதா? பெரியவர்கள் முண்டியடித்து வாங்கிப் பிள்ளைகள் கையில் திணித்தார்கள். இவன் யார், எதற்குச் சும்மா தருகிறான் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கண்ணாடியில் ஏழு மலைக்கு அப்பாலுள்ள பிள்ளைகள் தெரிந்தார்கள். பாடினார்கள், விடுகதை போட்டார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் நடுவில் பூவரசன் என்றொரு பத்து வயதுப் பையன் எட்டிப் பார்ப்பான். தேனாகப் பேசுவான். முதல் வெள்ளி பெயர் கேட்பான். சொன்னால் நிழலின் கால்கள் போய்விடும். இரண்டாம் வெள்ளி வீடு எங்கே என்று கேட்பான். சொன்னால் நிழலின் உடம்பு போய்விடும். மூன்றாம் வெள்ளி, "உள்ளே கையை நீட்டு" என்பான். நீட்டினால் பிள்ளையே போய்விடும்.

ஒவ்வொரு முறையும், "வீட்டில் சொல்லாதே, உனக்குத்தான் அடி விழும்" என்பான்.

அவன் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை. நிழலைத் தொலைத்த பிள்ளைக்குப் பத்துப் பிரம்படி என்று ராஜா முரசறைந்திருந்தார். பறித்தவனை விட்டுவிட்டுப் பறிகொடுத்தவனை அடிக்கும் நியாயத்தை எங்காவது கேட்டிருக்கிறீர்களா? பிள்ளைகள் பயந்து சுவரோரமாகவும் மரத்தடியிலுமே நடந்தார்கள். வெயிலில் சுற்றாத நல்ல பிள்ளைகள் என்று பெரியவர்கள் பெருமைப்பட்டார்கள். மருதன் என்றொரு பையன் காணாமல் போனபோது, அடங்காத பயல், ஓடிவிட்டான் என்றார்கள்.

மோர் விற்கும் செங்கமலத்துக்குத் தும்பை என்று பதினோரு வயதில் ஒரு மகள். அவளுக்கு நிழலில் தலை மட்டும் மிச்சம். உருண்ட தேங்காய் போல் அது தரையில் தனியாகக் கிடந்தது. அன்று மூன்றாம் வெள்ளி. இருட்டுவதற்குள் பூவரசன் வருவான்.

காலையில் அம்மாவிடம் சொல்லப் போனாள். வெண்ணெய் திரளும் நேரம், பேசாதே என்றாள் அம்மா. மதியம் போனாள். வாசலில் ஆள் நிற்கிறது, அப்புறம் வா என்றாள். பொழுது சாயும்போது மறுபடி போனாள். இம்முறை எதுவும் சொல்லாமல் முற்றத்து வெயிலில் இறங்கி நின்றாள்.

அம்மாவின் நிழல் சுவர்வரை நீண்டது. பக்கத்தில் ஒரு சின்னத் தலை மட்டும் கிடந்தது.

செங்கமலம் கையை ஓங்கினாள். தும்பை கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. இத்தனை நாளும் ஊரெல்லாம் பிள்ளைகளிடம் கேட்டது, "ஏன் கொடுத்தாய்?" என்பதுதான். செங்கமலம் வேறொன்று கேட்டாள்.

"யாருடி கேட்டது?"

தும்பை அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கண்ணாடியை எடுத்து எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சொன்னபடி பூவரசன் வந்தான்.

"ஏம்ப்பா, உனக்கு என்ன வயசு?"

"பத்துதான் அத்தை."

"உங்க அம்மாவைக் கூப்பிடு கண்ணு. ரெண்டு வார்த்தை பேசணும்."

"அம்மா ஆத்துக்குப் போயிருக்கு."

"வரட்டும். உக்காந்திருக்கேன்."

"வந்ததும் தூங்கிடும்."

"எழுப்பு."

"அம்மாவுக்குக் காது கேக்காது அத்தை."

"என் குரல் கேக்கும். தெருத்தெருவா மோர் விக்கிற குரல். கூப்பிடுறா உங்க அம்மாவை."

பிள்ளை வேஷம் போட்டவனிடம் காட்டுவதற்குத் தாய் ஏது? பூவரசனின் முகம் வெங்காயத் தோலாக உரிந்தது. உள்ளே நரைத்த தாடியோடு நிழல்வாரி விழித்துக்கொண்டிருந்தான். பெரியவர் ஒருவர் எதிரே நின்று கேள்வி கேட்டால் அவன் மாயம் நிற்காது. இதுவரை ஒருவரும் கேட்காததால்தான் நின்றது.

பாய்போலச் சுருட்டி வைத்திருந்த நிழல்கள் எல்லாம் விரிந்து பறந்தன. கண்ணாடிக்குள்ளிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக முற்றத்தில் குதித்தார்கள். முதலில் வந்த மருதன், பசிக்கிறது என்றான். மந்திரவாதி மட்டும் உள்ளேயே அகப்பட்டுக்கொண்டான்.

செங்கமலம் அந்தக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு நேரே அரண்மனைக்குப் போனாள். கண்ணாடியை ராஜாவின் காலடியில் வைத்தாள்.

"பறிச்சவன் இதுல இருக்கான் ராசா. பிரம்பு யாருக்கு?"

அதைக் கேட்டதும், எப்போதும் வெண்குடையின் கீழேயே உட்கார்ந்திருக்கும் இளவரசன் எழுந்து வெளியே வந்தான். தன் நிழலும் போய், சற்றுமுன்தான் திரும்பி வந்தது என்றான்.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்றார் ராஜா.

"உங்ககிட்டதானே அப்பா பிரம்பு இருக்கு."

ராஜா பிரம்பை முழங்காலில் வைத்து முறித்தார். நிழல்வாரியைக் கண்ணாடியோடு பாறைக்குகையில் வைத்து அடைத்தார்கள். அப்புறம் ராஜா ஒரு தட்டு நிறையப் பொன்னைத் தும்பையிடம் நீட்டினார்.

தும்பை அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றும் வேண்டும் என்று மெல்லிய குரலில் கேட்டாள்.

அதன்படி மறுநாள் காலை ராஜாவே முரசைத் தோளில் மாட்டிக்கொண்டு, முன்பு முரசறைந்த ஒவ்வொரு தெருவுக்கும் நடந்து போனார். "மருதன் ஓடிப்போகவில்லை. அவன்மேல் தப்பில்லை. எந்தப் பிள்ளைமேலும் தப்பில்லை" என்று தொண்டை கட்டும்வரை சொன்னார். பிள்ளைகள் கண்ணாடிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கொளுத்தும் வெயிலில் அவர் பின்னாலேயே ஓடினார்கள்.