எப்சிபா அம்மாவின் பச்சைப் புள்ளி

நாகர்கோவிலில் ஒரு பொறியியல் கல்லூரியில் நாச்சியார் என்றொரு ஆசிரியை இருந்தார். வயது முப்பத்து மூன்று. பல கருவிகள் தனித்தனியாகச் சொல்வதைச் சேர்த்துப் பார்த்து, நடப்பது என்ன என்று கண்டுபிடிப்பது அவருடைய துறை.

அவரிடம் பாடம் கேட்க வந்த செலஸ்டினுக்கு வயது ஐம்பத்தாறு. இருபத்தேழு வருடம் கப்பலில் ரேடார் பார்த்தவர். ஓய்வு பெற்ற மறு மாதம் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றார்.

"எனக்குச் சொல்லித் தருவீங்களா டீச்சர்?"

"நான் திட்டுவேன். பரவாயில்லையா அண்ணாச்சி?"

"கப்பல்ல வாங்காத திட்டா?"

அன்றிலிருந்து அவருடைய கணக்குகளை நாச்சியார் சிவப்பு மையில் திருத்துவார். செலஸ்டின் அரை மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். பிறகு பையிலிருந்து அவித்த மரச்சீனிக் கிழங்கை எடுத்து அவர் மேஜையில் வைப்பார்.

இரண்டாம் வருடம் செலஸ்டின் தானாகவே ஒன்றைச் செய்தார்.

ஊருக்கு வெளியே, நினைவு தப்பிப்போன முதியவர்களுக்கான இல்லம் ஒன்று இருந்தது. பத்தொன்பது பேர். யாராவது ஒருவர் வாசல் தாண்டிப் போய்விடுவதுதான் அங்கே பெரிய பயம். செலஸ்டின் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ரப்பர் பட்டை கட்டினார். பட்டைக்குள் அரிசி அளவில் ஒரு சில்லு. கட்டிலருகிலும் வாசலிலும் உள்ள கருவிகள் அதன் எண்ணைப் படித்துவிடும்; பட்டை நெருங்கினால் வாசல் கதவு பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மெத்தைக்கு அடியிலும் எடையும் மூச்சும் அறியும் விரிப்பு. கூரையில் உடல் சூட்டை அறியும் கண். மூன்றும் சொல்வதைச் சேர்த்து, அலுவலக அறையின் திரையில் ஆளுக்கொரு புள்ளி காட்டும். பச்சை என்றால் பத்திரம். பக்கத்தில் எவ்வளவு உறுதி என்று ஒரு சதவீதம்.

நாச்சியார் எல்லாவற்றையும் சோதித்தார். சிவப்புப் பேனாவைத் திறக்கவே இல்லை. சரி என்று இருவரும் தாளில் கையெழுத்திட்டார்கள்.

"நல்லா செய்திருக்கீங்க அண்ணாச்சி."

அன்று செலஸ்டின் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பாடிக்கொண்டே போனார்.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலை. செலஸ்டின் இல்லத்தின் அலுவலக அறையில் திரை முன்னால் உட்கார்ந்திருந்தார். கஞ்சிக் கிண்ணத்தோடு தங்கலீலா வாசலில் வந்து நின்றாள். பதினான்கு வருடமாக அங்கே முதியவர்களைப் பார்த்துக்கொள்பவள்.

"அண்ணே, எப்சிபா அம்மாவக் காணல்ல."

செலஸ்டின் திரையைப் பார்த்தார். பச்சைப் புள்ளி. கட்டிலில். தொண்ணூற்றெட்டு சதவீதம்.

"கட்டில்லதான் இருக்காங்க."

"இந்த நேரத்துக்கு வராந்தாவுல அவங்க சத்தம் கேக்கும் அண்ணே. இன்னைக்குக் கேக்கல்ல."

எப்சிபா அம்மா ஒரு காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். தினமும் காலையில் வராந்தாவில் உட்கார்ந்து, இல்லாத ஆட்களுக்கு இல்லாத லைனைப் போட்டுக் கொடுப்பார்.

"தூங்குறாங்கம்மா. மூச்சு விடுறதுகூட இங்க தெரியுது. தூங்கட்டும்."

தங்கலீலா ஒரு நிமிடம் நின்றாள். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. போய்விட்டாள்.

அரை மணி நேரம் கழித்து அவள் போட்ட கூச்சலில் செலஸ்டின் எழுந்து ஓடினார்.

எப்சிபா அம்மாவின் கட்டிலில், போர்வைக்குள், பக்கத்துக் கட்டில் செல்லத்தாய் படுத்திருந்தார். கையில் எப்சிபா அம்மாவின் பட்டை.

"இது எப்படி உங்க கையில வந்தது?" என்று கேட்டார் செலஸ்டின்.

"எனக்கு இல்லன்னு அழுதேன். அவ கழட்டித் தந்தா," என்றார் செல்லத்தாய். "நல்ல பிள்ளை."

செல்லத்தாயின் கையில் தடிப்பு வந்ததால், மருந்து போட நர்ஸ் அவருடைய பட்டையைக் காலையில்தான் கழற்றி, திரையில் அவர் புள்ளியையும் நிறுத்தி வைத்திருந்தார். அழுதவருக்குத் தன் பட்டையைக் கட்டிவிட்டு, தன் கட்டிலில் படுக்க வைத்து, போர்த்திவிட்டு, எப்சிபா அம்மா வெளியே போயிருந்தார். பட்டை இல்லாத கையை வாசல் தடுக்கவில்லை.

இல்லத்துக்கு வெளியே ஒரு பக்கம் பஸ் போகும் சாலை. மறுபக்கம் சுவரில்லாத பெரிய குளம்.

செலஸ்டின் குளத்துக்கு ஓடினார். படித்துறைக்கு அருகே தண்ணீரில் ஒரு நீலச் சேலை மிதந்தது. எப்சிபா அம்மா உடுத்துவதும் நீலச் சேலைதான். செலஸ்டின் செருப்போடு தண்ணீரில் இறங்கிவிட்டார். இடுப்பளவு போய்ச் சேலையைப் பிடித்து இழுத்தார்.

"யோவ், அது என் சேலை!" என்று கரையில் துவைத்துக்கொண்டிருந்த பெண் கத்தினாள்.

செலஸ்டின் சேலையை மார்போடு பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். அவர் அழுவதைப் பார்த்து அந்தப் பெண் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

இதற்குள் நாச்சியாருக்குத் தகவல் போய், அவர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். திரை இருந்த அறைக்குள் அவர் போகவில்லை. நேரே தங்கலீலாவிடம் போனார்.

"அம்மா எங்க போயிருப்பாங்க அக்கா?"

"லைன் அறுந்து கிடக்குன்னு நேத்துல இருந்து சொல்லிட்டே இருந்தாங்க. போன் இருக்குற இடத்துக்குத்தான் போவாங்க."

சாலைச் சந்திப்பில் செல்போன் கடை ஒன்று இருந்தது. குளத்திலிருந்து திரும்பிய செலஸ்டினையும் சேர்த்து மூன்று பேரும் அங்கே போனார்கள். கவுண்டருக்குப் பின்னால், கடைக்காரரின் நாற்காலியில் எப்சிபா அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் பாதி குடித்த டீ. கையில் கடைக்காரர் கொடுத்த பழுதான போன். கடைக்காரர் வெளியே நின்றபடி வியாபாரம் செய்துகொண்டிருந்தார்.

"வந்து ஒரு மணி நேரமாகுது," என்றார் கடைக்காரர். "எழும்பச் சொல்ல மனசு வரல்ல. நாலு பேருக்கு லைன் போட்டுக் குடுத்துட்டாங்க."

எப்சிபா அம்மா ஈரத்தோடு நின்ற செலஸ்டினைப் பார்த்தார்.

"உங்களுக்கு எந்த ஊருக்குப் பேசணும்?"

கப்பலில் போன ஒரு ஊர்தான் செலஸ்டினின் வாயில் வந்தது. "விசாகப்பட்டினம்," என்றார்.

"லைன் பிஸி. உட்காருங்க. ஏன் இப்படி நனைஞ்சு வந்திருக்கீங்க? சளி பிடிக்கும்லா."

அன்று மாலை இல்லத்தின் அலுவலக அறையில் செலஸ்டின் நோட்டை விரித்து வைத்திருந்தார். கழற்ற முடியாத பூட்டுப் பட்டை. முகம் பார்க்கும் கேமரா. நடையை அறியும் தரை. மூன்று பக்கம் எழுதியிருந்தார்.

"மூணு சாட்சி பத்தாது டீச்சர். ஆறு வைக்கணும். எத்தனை வச்சா நம்பலாம்?"

நாச்சியார் அந்த நோட்டை மெதுவாக மூடினார்.

"மெத்தை விரிப்புக்கு என்ன தெரியும் அண்ணாச்சி?"

"எடை. மூச்சு."

"கூரையில உள்ள கண்ணுக்கு?"

"உடம்புச் சூடு."

"அந்த எடையும் சூடும் எப்சிபா அம்மாவோடதுன்னு யார் சொன்னது?"

செலஸ்டின் மூடிய நோட்டைப் பார்த்தார்.

"பட்டை."

"அப்ப சாட்சி எத்தனை?"

"ஒண்ணு," என்றார் செலஸ்டின். முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். "இது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். கப்பல்ல ஒருத்தன் சொன்னத மூணு பேர் திருப்பிச் சொன்னா, அத மூணு சாட்சின்னு நான் நம்பவே மாட்டேன்."

"எனக்கும் தெரிஞ்சிருக்கணும். சரின்னு சொன்னது நான்."

நாச்சியார் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். தன் பெயர் போட்டுச் சரி என்று கையெழுத்திட்டிருந்த தாளைத் தேடி எடுத்து, அதன் குறுக்கே ஒரு கோடு போட்டார். பிறகு பேனாவை அவரிடம் நீட்டினார். செலஸ்டினும் தன் பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

வராந்தாவில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எப்சிபா அம்மா செல்லத்தாய்க்கு ஏதோ ஊருக்கு லைன் போட்டுக்கொண்டிருந்தார். செல்லத்தாய் பட்டையைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்.

"பூட்டுப் பட்டை வேண்டாமா டீச்சர்?"

"அழுறவங்களுக்குக் கழட்டிக் குடுக்குற கையப் பூட்டவா போறீங்க?"

செலஸ்டின் இல்லை என்று தலையை ஆட்டினார். திரையின் பக்கம் திரும்பினார்.

"காலையில தங்கலீலா வந்து சொன்னா. சத்தம் கேக்கல்லன்னு சொன்னா. பட்டையப் பாக்காம சொன்ன ஒரே சாட்சி அவதான்."

"ஆமா."

"அவளையும் சேத்துடுறேன். ஒரு பொத்தான் குடுக்குறேன். மனசுக்குச் சந்தேகம் வந்தா அமுக்கட்டும். ஆனா ஒவ்வொரு சாட்சிக்கும் எவ்வளவு மதிப்புன்னு கணக்குல ஒரு எண் போடணுமே. விரிப்புக்குப் போட்டேன், பட்டைக்குப் போட்டேன்." அவர் பேனாவை எடுத்தார். "தங்கலீலாவுக்கு எவ்வளவு போடட்டும் டீச்சர்?"

நாச்சியார் ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். சாவி கிடைத்தது. செலஸ்டினின் தோளில் ஒரு முறை கை வைத்தார்.

"அவங்க வந்து காணல்லன்னு சொன்னா, நீங்க நாற்காலியை விட்டு எழும்பிப் போய்ப் பாக்குற அளவுக்கு, அண்ணாச்சி."