சடையனாறு ஏன் விளிம்பில் திரும்புகிறது

அந்தக் காலத்தில் குரங்குக்கும் பேச்சு இருந்தது, ஆற்றுக்கும் பேச்சு இருந்தது. மனிதனுக்கு இருந்த சந்தேகம் மட்டும் இன்றைக்கு இருக்கும் அதே சந்தேகம்தான். அப்போது தேன்பாறைக் காட்டில் ஒரு சின்ன ஆறு ஓடியது. அதற்குப் பேர் கிடையாது, வளையவும் தெரியாது. நேராக ஓடிவந்து பாறை விளிம்பிலிருந்து நேராகக் கீழே குதிக்கும்.

அந்தப் பாறையில் தேனெடுக்கிறவன் நஞ்சன். தேனெடுக்கிறவன் கயிற்றில் தொங்கும்போது, மேலே கயிற்றை இடுப்பில் சுற்றி நிற்பவன் அவன் மனைவியின் அண்ணனோ தம்பியோதான். கூடப்பிறந்தவளை எவன் விதவையாக்குவான் என்றுதான் அந்த வழக்கம். நஞ்சனுக்குக் கயிறு பிடிப்பவன், மனைவி கெம்பியின் அண்ணன் சடையன். இன்னொரு வழக்கமும் உண்டு. தேனெடுக்க நாள் குறித்துவிட்டால் கயிற்றைப் பற்றி யாரும் குறை பேசக்கூடாது. பேசினால் கயிறு அறும்.

நாள் குறித்த மறுநாள் ஒரு கருமந்தி நஞ்சனின் குடிசைமேல் வந்து உட்கார்ந்தது. வம்பு பேசாவிட்டால் அதற்குத் தின்ற இலை செரிக்காது.

“உன் மச்சான் கத்தியும் கையுமா புதருக்குள்ள என்ன பண்றான் நஞ்சா?”

நஞ்சன் போய்ப் பார்த்தான். சடையன் எதையோ சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

“ஒன்னுமில்ல மாப்ளே. நீ போ, வர்றேன்.”

ஒன்றுமில்லையாம்! உள்ளங்கை முழுக்கக் கீறல், கத்தியில் பச்சைச் சாறு, இவனுக்கு ஒன்றுமில்லையாம். நஞ்சன் யோசித்தான். தான் செத்தால் தேன்பாறை சடையனுக்குத்தான் போகும். இத்தனை வருடமாகத் தோன்றாத நினைப்பு அன்றைக்குத் தோன்றியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? சடையன் சுட்ட கிழங்கை நீட்டினால்கூட, முதலில் அவன் கடிக்கட்டும் என்று காத்திருந்தான்.

“உங்க அண்ணன் மூஞ்சியே சரியில்ல” என்றான் கெம்பியிடம்.

“எங்கண்ணன் மூஞ்சி பொறந்ததுல இருந்தே அப்படித்தான்” என்று அவள் சிரித்தாள். நஞ்சனுக்கு அந்தச் சிரிப்பின்மேலும் சந்தேகம் வந்தது.

தேனெடுக்கும் நாள் விடிந்தது. கயிற்றைப் பார்த்தான். அதன்மேல் சேறு அப்பியிருந்தது. கேட்க முடியாது, வழக்கம் வாயைக் கட்டியிருந்தது. தண்ணீர் குடிப்பதுபோல் குனிந்து ஆற்றிடம் கிசுகிசுத்தான்.

“நான் பாதிப் பாறை இறங்கினதும், கீழ குதிக்காம ஒரு தரம் திரும்பி, சடையன் கை என்ன செய்யுதுன்னு பாத்துச் சொல்லு.”

“எனக்குத் திரும்பத் தெரியாதே. எங்க போய் முட்டுவேனோ?”

“ஒரே ஒரு தரம். என் உசுரு தாயே!”

உயிர் என்றதும் ஆறு இளகிவிட்டது. நஞ்சன் பாதிப் பாறை இறங்கினான். ஆறு விளிம்புவரை வந்து, முதல் தடவையாகத் திரும்பியது.

திரும்பத் தெரியாத தண்ணீர் திரும்பினால் என்ன ஆகும்? மொத்த வெள்ளமும் சடையன் காலடியில் போய் மோதியது. மண் கரைந்தது. அவன் சறுக்கினான். இடுப்பில் கயிற்றோடு விழுந்தால் இரண்டு பேரும் போவார்கள். சடையன் கயிற்றை அவிழ்த்துப் பக்கத்து மரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான். முடிச்சு விழுந்தபோது அவன் காலுக்கடியில் மண் இல்லை.

கீழே கயிறு ஒரு முழம் இறங்கி நின்றது. “விட்டுட்டான் பாவி!” என்று நஞ்சன் அலறினான். அவனைத் தாண்டி ஏதோ கீழே போனது. கண்ணை இறுக மூடியிருந்ததால் அவன் அதைப் பார்க்கவில்லை.

மேலே ஏறி வந்தான். சடையன் இல்லை. மரத்தில் சுற்றியிருந்த கயிற்றின் சேற்றை ஆறு கழுவிவிட்டிருந்தது. உள்ளே பச்சை மாறாத புதுக் கொடிக் கயிறு! ஒளித்து வைத்திருந்த பழைய கயிறு மரத்தடிப் புதரில் சுருண்டு கிடந்தது, நடுவில் இற்றுப்போய். குறை சொல்லக்கூடாது என்பதால் சொல்லாமலே புதிது முறுக்கி, பழையது போலத் தெரியச் சேறும் பூசியிருக்கிறான் சடையன்.

“என்ன பாத்தே?” என்று நஞ்சன் ஆற்றிடம் கேட்டான்.

“அவன் கை கயித்தைத்தான் பிடிச்சிருந்துச்சு. தன்னைப் பிடிச்சுக்க அதுக்கு நேரமில்ல” என்றது ஆறு. அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு. சடையனைத் தேடி அது பாறை இடுக்கில் புகுந்து இருட்டுக்குள் இறங்கியது. அடிவாரத்தில் வெளியே வந்து, ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

தேன்குடத்தோடு வந்த கெம்பி, அண்ணன் எங்கே என்று கேட்டாள். நஞ்சன் ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் அழவில்லை, அவனை ஏசவுமில்லை.

“இனிமே இந்தத் தண்ணி வேணும்னா எங்கண்ணன் பேரைச் சொல்லித்தான் கேக்கணும். முதல்ல நீ கேளு” என்றாள்.

அன்று தொட்டுத்தான் அந்த ஆறு விளிம்புவரை வந்தும் குதிக்காமல் திரும்பி, பாறைக்குள் மறைந்து, அடிவாரத்தில் சத்தமில்லாமல் சுழல்கிறது. சடையனாறு என்ற பேரும் அன்று வந்ததுதான். அந்தப் பேரைச் சொல்லாமல் நஞ்சன் சாகும்வரை ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை.