உப்புத் தராசில் ஒட்டிய புளி

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்காதீர்கள், ஒரு ராஜாவுக்குத் திடீரென்று நியாயப் பைத்தியம் பிடித்தது. "தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டி எடையைக் கூட்டுபவர் யாராயினும் கட்டைவிரல் வெட்டப்படும்" என்று பறையறைவித்தார். சட்டம் நல்ல சட்டம்தான். நாடுதான் அவ்வளவு நல்ல நாடில்லை.

மறுநாளே உப்புக்காரி சிட்டம்மை மாட்டினாள். அரண்மனைக் களஞ்சியத்துத் தராசில் உப்பு நிறுத்து விற்றபோது, உப்புத் தட்டின் அடியில் புளி ஒட்டியிருந்தாளாம். களஞ்சிய அதிகாரி திருமேனியார் அவளையும் தராசையும் சபைக்கே கொண்டுவந்துவிட்டார்.

"அந்தத் தராசு மொதல்லயே கோணல் சாமி! வெரலு போனா நான் எப்படி உப்பு வாருவேன்? புள்ளைங்க என்னத்தத் திங்கும்?" என்று அழுதாள் சிட்டம்மை.

"பிறர் குற்றம் உன் குற்றத்தைக் கழுவாது" என்றார் ராஜா.

திருமேனியாருக்கு விகடகவி கும்பிடுசாமியைக் கண்டாலே ஆகாது. "அரசே, தண்டனையை விகடகவியே நிறைவேற்றட்டும். சட்டத்தில் ஓர் எழுத்துப் பிசகினாலும் அவரை நாடு கடத்துங்கள்" என்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

கும்பிடுசாமி கத்தியை வாங்கிக்கொண்டார். "எடையைக் கூட்டினால்தானே விரல்? எவ்வளவு கூட்டினாள் என்று பார்த்துவிட்டு வெட்டுகிறேன்."

வெறுந்தராசைத் தூக்கிப் பிடித்தார். நேராக நின்றது. "கூடவில்லையே, அரசே!" என்று சிட்டம்மையின் புளியைப் பிய்த்தார். எடைக்கல் வைக்கும் தட்டு டங்கென்று தரையில் இடித்தது. அதன் அடியில் எலுமிச்சையளவு பழம்புளி!

"அப்படியானால் இனி ஆளாளுக்குப் புளி ஒட்டலாமா?" என்று ராஜா சீறினார்.

"கூடாது, அரசே. ஆனால் முதலில் தங்கள் தட்டுப் புளியைப் பிய்க்க வேண்டும். அதற்குமுன் அவள் புளியைப் பிய்ப்பதுதான் திருட்டு."

திருமேனியார் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "அரசே, சட்டத்தில் கொஞ்சம் தயவு..."

"ஓர் எழுத்தும் பிசகக் கூடாதென்றீரே!" என்றார் கும்பிடுசாமி.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் ஆணைப்படி திருமேனியார் தாம் ஒட்டிய அந்தப் புளி முழுவதையும் சபையிலேயே மென்று தின்றார். பதவி போயிற்று, விரல் தப்பியது. பெரிய மனிதரல்லவா, நாடு ஒரே நாளில் திருந்திவிடுமா?

"விகடகவியே, உமக்கு இந்தத் தராசு நிறையப் பொன்!" என்றார் ராஜா.

"சிட்டம்மையே நிறுக்கட்டும், அரசே. இனி களஞ்சியத்திலும் அவளே நிறுக்கட்டும்."

ராஜா சம்மதித்தார். சிட்டம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு தட்டுகளின் அடியையும் தடவிப் பார்த்துவிட்டு, கட்டைவிரலில் கயிற்றைச் சுற்றித் தராசைத் தூக்கினாள்.