நாலு எலுமிச்சம்பழம்

கும்பகோணத்தில் ஒரு குறுகலான சந்துக்குள் இருந்தது சிவகாமி அம்மையாரின் மடம். கார் கம்பெனி முதலாளி தில்லைநாயகம் அவருடைய சீடர். குருவைவிட வயதில் மூத்தவர். தன் கம்பெனியின் முதல் மின்சாரக் காருக்குக் குரு கையால் பூஜை போட வேண்டுமென்று வந்திருந்தார். பையில் சூடமும், சக்கரத்துக்கு ஒன்றாக வைக்க நாலு எலுமிச்சம்பழமும் இருந்தன.

"வண்டி எங்க?" என்றார் குரு.

"சந்து முனையில நிக்குதும்மா. உள்ள நுழையல. நீங்கதான் அங்க வரணும்."

"பூஜை மடத்து வாசல்லதானே வழக்கம்?"

"வண்டி கொஞ்சம் பெரிசும்மா."

"சின்ன வண்டி செய்யப்போறேன்னு போன தையில இதே வாசல்ல நின்னு வடிவுகிட்ட சொன்னீங்களே?"

வடிவு மடத்துச் சமையல்காரி.

"அதை நிறுத்திட்டோம். லாபம் கம்மி. ஜனங்களும் பெரிசைத்தான் கேக்கறாங்க."

"எந்த ஜனங்க?"

"ஷோரூமுக்கு வர்றவங்க."

"வர முடியாதவங்களைக் கேட்டீங்களா?"

தில்லைநாயகத்துக்குச் சுருக்கென்றது. நல்ல காரியம் செய்தவனை வாசலில் நிற்கவைத்து இப்படியா குடைவது?

"புகையில்லாத வண்டி செஞ்சிருக்கேன். இதுல என்னம்மா குத்தம்?"

அதற்குள் பின்கட்டிலிருந்து வடிவு ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வந்து நின்றாள். பின்னால் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தான். சிறுநீரகம் பழுதான மனிதன், முகமெல்லாம் வீங்கியிருந்தது. ஒரு துண்டால் அவனைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தாள். தூறல் வேறு.

"ஐயா, உங்க கார் வழியை அடைச்சிக்கிட்டு நிக்குது. எடுக்கச் சொல்லுங்க. டயாலிசிஸுக்கு நேரமாச்சு."

தில்லைநாயகம் டிரைவருக்குப் போன் செய்தார். துண்டின் முடிச்சிலிருந்து அவரால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"எதுக்கும்மா துண்டு?"

"திரும்பி வரும்போது மயக்கம் வருதுங்க. போன வாரம் ரோட்டுல விழுந்துட்டாரு."

குருவின் முகம் சிவந்தது. பையை வாங்கி இரண்டு பழங்களை எடுத்தார். ஸ்கூட்டரின் முன் சக்கரத்தடியில் ஒன்று, பின் சக்கரத்தடியில் ஒன்று வைத்தார். தூறல் படாமல் கையால் மறைத்துச் சூடம் காட்டினார்.

"போயிட்டு வா, வடிவு."

பழங்கள் நசுங்கின. ஸ்கூட்டர் சந்து முனையைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்ற குரு, மீதி இரண்டு பழங்களையும் எடுத்துத் தில்லைநாயகத்தின் கையில் திணித்தார்.

"அவளுக்கு வரவேண்டிய மத்த ரெண்டு சக்கரத்துக்கு இது. அழுகறதுக்குள்ள வண்டியைக் கொண்டு வாங்க."