துளை மாறிய வயர்

மனிதர் எவரும் குடியிராத தட்டுமுட்டூரில், பொருள்களே ஆண்டு, பொருள்களே வம்பளந்து வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. அவ்வூரார் செவிசாய்ப்பதற்கென்று ‘வாங்க பேசலாம்’ என்னும் பாட்காஸ்ட் நிகழ்ச்சி வாரந்தோறும் ஒலித்து வந்தது. அதை நடத்திய சங்கு, கோயில் வேலைக்குப் போய்விடவே, நடத்துபவர் நாற்காலி காலியாயிற்று.

அதில் வந்து அமர்ந்தவர் குழாய் ஒலிபெருக்கியாகிய முழங்குமணி. திருவிழா, திருமணம், தேர்தல் எதுவாயினும் கம்பத்தின் உச்சியிலிருந்து மூன்று ஊருக்குக் கேட்க முழங்கியவர். நிகழ்ச்சி நடத்தத் தம்மைவிடத் தகுந்தவர் யார் என்பது அவர் எண்ணம்.

ஊர்த்தலைவரான தராசு மட்டும் ஒரு தட்டைத் தாழ்த்தி எச்சரித்தது. “அண்ணாச்சி, போன ரெண்டு நிகழ்ச்சியும் கேட்க ஆளில்லை. இன்னைக்கும் அப்படின்னா வாசல்லே வண்டி நிக்கி, பார்த்துக்கிடும்.”

வாசலில் பேரீச்சம்பழத் தள்ளுவண்டி நின்றது. பழைய இரும்பை வாங்கிக்கொண்டு பழம் கொடுக்கும் வண்டி. அது முழங்குமணியை ஏற இறங்கப் பார்த்து, “நல்ல கனம்” என்று தன் மணியை ஆட்டியது.

அன்றைய விருந்தாளி ஆவுடையம்மாள் என்னும் பிரஷர் குக்கர். ஒரு நிச்சயதார்த்த நாளில், தலைமீதிருந்த வெயிட்டைக் கூரைக்கு வீசியெறிந்து வெடித்த அம்மாள், அதன்பின் ஒரு விசிலும் அடித்ததில்லை. காரணம் அறிய ஊரே காத்திருந்தது. அம்மாளின் குரலோ நூலிழை போன்றது. எதிரே இருந்த சின்ன மைக்குக்கு அதில் பாதிதான் எட்டியது.

“பாசத்துக்கும் பருப்புக்கும் உரிய பெரியோர்களே!” என்று தொடங்கினார் முழங்குமணி. மேசை அதிர்ந்தது. “ஆச்சி, நீங்கள் வெடித்த காரணம் என்ன? பருப்புதானே? பருப்பேதான்! இப்படித்தான் ஒரு தேர்தலில் நானும்...”

“அது வந்து, தம்பி...” என்றாள் ஆவுடையம்மாள்.

“வருகிறேன், அதற்குத்தான் வருகிறேன்!” என்று தம் தேர்தல் கதைக்குள் நுழைந்தவர், திருவிழா வழியாகத் திருமணத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அம்மாள் வாய் திறக்குந்தோறும் அவர் அதை மூடினார். அவளுடைய மூடி மெல்லப் புடைத்தது.

“யோவ் அண்ணாச்சி! ஆச்சியைப் பேச விடும்!” என்று கூரையிலிருந்து அலறியது மின்விசிறி. “அன்னைக்குப் பறந்த வெயிட்டு என் இறக்கையிலேதான் பட்டுது. இன்னமும் கோணலாத்தான் சுத்துதேன்!”

சன்னல் வழியே பார்த்தார் முழங்குமணி. கேட்டுக்கொண்டிருந்த குடமும் முறமும் எழுந்து போய்க்கொண்டிருந்தன. வண்டியின் மணி இரண்டாம் முறை ஒலித்தது. சத்தம் போதவில்லை என்று அவர் முடிவு செய்தார். தம் வயரைப் பிடுங்கி, ஒலிபரப்பு இயந்திரத்தில் இன்னும் அழுத்தமாகச் செருகிக்கொண்டார்.

அங்கேதான் பிழை நேர்ந்தது. வாழ்நாள் முழுதும் கம்பத்தின் உச்சியில் இருந்தவர். வயரைச் செருகுவதெல்லாம் கீழே இருப்போர் வேலை. தம் வயரின் நுனியை அவர் பார்த்ததே இல்லை. ஒலி வெளியேறும் துளையை விட்டு, ஒலி உள்ளே போகும் துளையில் செருகிவிட்டார்.

“பெரியோர்களே!” என்று முழங்கினார். ஒன்றும் கேட்கவில்லை. மீண்டும் முழங்கினார். ஈ பறப்பது கேட்டது. ‘ஒழிந்தேன். இனி பேரீச்சம்பழந்தான்’ என்று வாய் பிளந்தபடி உறைந்து போனார்.

துளை மாறினால் அகன்ற வாய் அகன்ற காதாகிவிடும் என்பது அவருக்குத் தெரியாது. எதிரே மூச்சு விடும் ஓசை, முதன்முதலாக அவருக்குள்ளே நுழைந்து, இயந்திரம் வழியே ஊரெங்கும் போனது.

“கேட்கீங்களா, தம்பி?” என்றாள் ஆவுடையம்மாள்.

“கோவத்துலே வெடிச்சேன்னு சொல்லுதாங்க. கோவமே இல்லை. உள்ளே தண்ணி வத்திக்கிட்டு வந்துது. வத்துதேன்னு கூவினேன். கரண்டி ‘ஒண்ணு’ன்னுது. மறுபடி கூவினேன். தாம்பாளம் ‘ரெண்டு’ன்னுது. உசிரைக் குடுத்துக் கூவினேன், தம்பி. ‘இன்னும் ஒண்ணு வரட்டும், இறக்கிடலாம்’னுது அடுப்பு.”

முழங்குமணிக்கு ஆயிரம் ஆறுதல் மொழிகள் தொண்டைவரை வந்தன, ஒன்றும் வெளிவரவில்லை. தம் வாயை அவள் பக்கம் சற்றே திருப்பினார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

“நான் கத்தினதை எல்லாரும் எண்ணினாங்க. என்னன்னு ஒருத்தரும் கேட்கலை” என்று முடித்தாள். புடைத்திருந்த மூடி தணிந்தது.

சன்னலுக்கு வெளியே குடமும் முறமும் திரும்பி வந்திருந்தன. கரண்டி தலை குனிந்து நின்றது. வண்டி தன் மணியின் நாவைப் பிடித்துக்கொண்டு, “பேசாம இருங்கடே, ஆச்சி அழுதாக” என்று அதட்டியது.

தராசு உள்ளே வந்து இரு தட்டையும் சமமாக நிறுத்தி, “நாற்காலி உமக்குத்தான், அண்ணாச்சி” என்றது.

“அண்ணாச்சி, வயரு துளை மாறிக் கிடக்கு!” என்று கூவியது மின்விசிறி. “சரி பண்ணச் சொல்லட்டா?”

முழங்குமணி வயரின் மீது ஏறி இறுக உட்கார்ந்துகொண்டார்.

படியிறங்கிப் போன ஆவுடையம்மாள், தெருமுனையில் நின்று நீளமாக ஒரு விசில் அடித்தாள். தட்டுமுட்டூரே கேட்டது. ஒருவரும் எண்ணவில்லை.