பிச்சியின் இருமல்

மலையடிவாரத்து மடத்துக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். பிறவி எதற்கு, மனம் ஏன் அடங்குவதில்லை, இறந்தவர்கள் எங்கே போகிறார்கள். ஆவுடையப்பனும் முதல் வருடம் இவற்றையெல்லாம் வரிசையாகக் கேட்டவர்தான். இரண்டாம் வருடம் அவரிடம் ஒரே ஒரு சங்கடம்தான் மிச்சமிருந்தது.

"தாயே, பூனைக்கு இருமல் நிக்க மாட்டேங்கு."

அவர் தாயே என்று அழைத்த வடிவம்மைக்கு வயது முப்பத்தொன்பது. அவருக்கு அறுபத்தெட்டு. அவர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மாள் மடத்துக்கு வருமுன் தபால் ஆபீசில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவர். குரு சீடரை அண்ணாச்சி என்று கூப்பிடுவதில் இருவருக்குமே கூச்சம் இருந்ததில்லை.

"எத்தனை நாளா, அண்ணாச்சி?"

"ஏழு மாசம்."

"எப்படி இருமுது?"

சொன்னால் புரியாது என்று நினைத்தாரோ என்னவோ, ஆவுடையப்பன் கையை ஊன்றித் தரையோடு தரையாகக் குனிந்தார். கழுத்தை முன்னால் நீட்டி, தோள் இரண்டையும் தூக்கி, வறட்டு இருமலாக நாலு இருமல் இருமிக் காட்டினார். கம்பிக் கூடைக்குள் இருந்த பூனை பிச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தது. வடிவம்மைக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நிமிர்ந்த அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"நாலு மணிக்கு மேலதான் ஜாஸ்தி. நாலு பத்து, நாலு பதினஞ்சு. அப்புறம் விட்டு விட்டு."

கார்டு வேலை பார்த்தவர். நேரம் தவறாமல் சொன்னார்.

"டாக்டர்ட்ட காட்டலையா?"

"மூணு பேர்ட்ட காட்டியாச்சு. மருந்து கொடுத்தா ரெண்டு நாள் குறையுது. திரும்ப வந்துருது. வீட்ல பீடி சிகரெட் உண்டா, ஊதுபத்தி உண்டா, கொசுவத்தி உண்டா, தூசி உண்டான்னு கேட்டாங்க. ஒண்ணும் கிடையாதுன்னேன். கடைசி டாக்டர்..." அவர் குரல் இறங்கிவிட்டது. "இப்படியே போனா மழைக்காலம் தாண்டாதுன்னுட்டார்."

கூடையின் மூடியைத் தடவினார்.

"உலகம்மை வளர்த்தது, தாயே. அவ போயி ரெண்டு வருஷம் ஆச்சு. எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. அந்த வீட்ல அவளைத் தெரிஞ்ச உயிர் நானும் இதுந்தான்."

வடிவம்மை குனிந்து பூனையைப் பார்த்தார்.

"பத்து நாள் இங்க விட்டுட்டுப் போங்க."

ஆவுடையப்பன் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, பூனைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று கூடைக்குள் மடித்துப் போட்டார். வாசல் வரைக்கும் போய் இரண்டு முறை திரும்பி வந்தார். மூன்றாம் முறை வடிவம்மை கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தப் பத்து நாளும் ஆவுடையப்பனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பகலை எப்படியோ தள்ளிவிட்டார். நாலு மணியைத்தான் தள்ள முடியவில்லை. அலமாரியைத் திறப்பார், மூடுவார், மறுபடி திறப்பார். நாலாம் நாள் பஸ் ஏறி மடத்துக்கே வந்துவிட்டார். வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பத்தாம் நாள் வந்தபோது பிச்சி கூடத்தில் அவருடைய பழைய துண்டின் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் குரலைக் கேட்டதும் எழுந்து ஓடிவந்து காலைச் சுற்றியது. ஆறாம் நாளிலிருந்து ஓர் இருமல்கூட இல்லையாம்.

ஆவுடையப்பன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"எல்லாம் இந்த மண்ணோட மகிமை, தாயே!"

"மண்ணுக்கு அந்த வித்தையெல்லாம் தெரியாது. எந்திரிங்க, அண்ணாச்சி."

ஐந்தே நாளில் கூடையோடு திரும்பி வந்தார். வாசலில் ஏறும்போதே கூடைக்குள் இருமல் சத்தம் கேட்டது. அவர் முகத்தில் கவலையோடு கோபமும் இருந்தது. கடவுளிடம் காட்ட முடியாத கோபத்தைக் குருவிடம் காட்டலாம் அல்லவா?

"உங்க மகிமை அஞ்சு நாள்தான் தாங்குமா?"

வடிவம்மை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நாலு மணிக்கு உங்க வீட்ல என்ன நடக்கு, அண்ணாச்சி?"

"ஒண்ணும் நடக்கலை."

"நாலு மணிக்கு உங்க கை எதைத் தொடும்?"

அவர் கையில் இருந்த துணிப்பையை மெல்லத் திறந்தார். உள்ளே ஒரு சின்னத் தலையணையும் ஒரு பவுடர் டப்பாவும் இருந்தன.

"வீடு போய்ச் சேர நேரமாயிரும்னு கையோட கொண்டாந்துட்டேன்."

பிறகு அவராகவே சொன்னார்.

"நாலு மணிக்கு அவ முகம் கழுவி, இந்தப் பவுடர் போட்டு, பூ வச்சுக்கிட்டு உக்காருவா. அந்த நேரம் பாத்து இது வந்து மடியில ஏறிக்கிடும். அவ போனதும் இது மூணு நாள் பச்சைத் தண்ணி குடிக்கலை. நாலாம் நாள் அவ தலகாணியில இந்தப் பவுடரைக் கொஞ்சம் தட்டினேன். வந்து படுத்துச்சு. அப்புறம்தான் பால் குடிச்சுது. அன்னையிலேருந்து ஒரு நாள் விட்டதில்லை. நாலு மணிக்குத் தட்டுவேன். இது தலகாணியில படுத்துக்கிடும். நான் பக்கத்துல உக்காந்துக்கிடுவேன்."

"கொஞ்சமாத்தான் தட்டுவீங்களா?"

"முதல்ல கொஞ்சம்தான். வர வர எனக்கு வாசமே தெரிய மாட்டேங்கு, தாயே. அதனால இப்ப கொஞ்சம் கூடுதலா."

"டாக்டர் தூசி உண்டான்னு கேட்டாரே?"

ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

"இது தூசியா, தாயே?"

அவர் பொய் சொன்னவரில்லை. உலகம்மையின் பவுடரைத் தூசி என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்கே போயிருப்பார்.

வடிவம்மை எழுந்தார். கூடத்தின் ஒரு பக்கம் தலையணையை வைத்து, அதன் மேல் பவுடரைத் தட்டினார். மறுபக்கம், ஆவுடையப்பன் தோளில் கிடந்த துண்டை வாங்கி விரித்தார். நடுவில் கூடையை வைத்துத் திறந்துவிட்டார்.

பிச்சி சோம்பல் முறித்தது. தலையணைப் பக்கம் போய் முகர்ந்தது. கழுத்தை நீட்டி மூன்று முறை இருமியது. பிறகு திரும்பி நடந்து, துண்டின் மேல் ஏறி, இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது.

"இங்க விட்டுட்டுப் போனீங்களே, ரெண்டு நாள் அது சாப்பிடலை" என்றார் வடிவம்மை. "மூணாம் நாள் கூடையில கிடந்த துண்டை எடுத்து விரிச்சேன். அதுல படுத்த பிறகுதான் சாப்பிட்டுது."

"அது என் துண்டு."

"ஆமா."

ஆவுடையப்பன் துண்டையும் தலையணையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப அது உலகம்மையைத் தேடலையா?"

"தேடியிருக்கும். எவ்வளவு நாள்னு எனக்குத் தெரியாது. இப்ப அது உங்களைத் தேடுது."

வேறொருவராக இருந்தால் இதைக் கேட்டு மகிழ்ந்திருப்பார். ஆவுடையப்பன் முகம் வாடிப் போயிற்று.

"ரெண்டு பேருமா அவளுக்காகக் காத்திருக்கோம்னு நினைச்சிருந்தேன், தாயே. நாலு மணிக்கு இது பக்கத்துல இருந்தா, எனக்குத் துணைக்கு ஒரு ஆள் இருக்கிற மாதிரி இருக்கும்." உதட்டைக் கடித்துக்கொண்டார். "நான் மட்டும்தானா?"

குருவுக்கு வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. சொல்லவில்லை.

"நீங்க மட்டும்தான், அண்ணாச்சி."

அவர் அழுதார். துடைத்துக்கொள்ளத் தோளைத் தடவினார். துண்டு பூனைக்கு அடியில் இருந்தது. அதை உருவ மனம் வரவில்லை. புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

பிறகு பவுடர் டப்பாவை எடுத்து, மூடியை இறுகத் திருகி, குருவின் காலடியில் வைத்தார்.

"இது இங்கயே இருக்கட்டும். ஏக்கத்தை விடணும், அவ்வளவுதானே தாயே?"

வடிவம்மை டப்பாவை எடுத்து அவர் கையிலேயே திருப்பி வைத்து, விரல்களை மூடினார்.

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்? ஏங்குங்க, அண்ணாச்சி. ஆசை தீர ஏங்குங்க. இருமலை மட்டும் இந்தப் பூனை தலையில கட்டாதீங்க."